கொல்லாமையும் ஆய்வுகூடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

    

சமய விழா மேடையிலே புற்றுநோயையும் எலியையும் பற்றிப் பேச வந்தது எதற்காக என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எமது சமயமும் எமது இலக்கியமும் இரண்டு கடமைகளை எம்மேல் வைத்திருக்கின்றன. எவ்வுயிரையும் கொல்லாதிருத்தல் ஒன்று. நோயுற்ற உயிரின் துயரைத் துடைத்தல் மற்றொன்று. திருக்குறளிலே கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் உண்டு. மருந்துக்கெனவும் ஓர் அதிகாரம் உண்டு. வீட்டிலும் கோயிலிலும் இவ்விரு கடமைகளும் தம்முள் முரண்படுவது அரிது. ஆய்வுகூடத்திலேயோ அவை நேருக்கு நேர் மோதுகின்றன. மனிதரைப் புற்றுநோயினின்றும் காக்கவென்று எலியும் சுண்டெலியும் முயலும் பெருந்தொகையாக மாண்டிருக்கின்றன. இம்மோதலைத் தீர்க்க வழி உண்டா? உண்டு என்றே சொல்ல வந்திருக்கின்றோம். ஆனால் இரக்கம் மாத்திரம் அவ்வழியைத் திறந்துவிடாது. கடுமையான கல்வியும் அதனோடு சேரவேண்டும் என்பது எமது துணிபு.

முதலில், ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்று பார்ப்போம். அக்காலத்திலே மனிதர் மாண்டே அதனை அறிவித்தனர். 1775ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்துச் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் என்பவர், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோருக்கு விதைப்பைத் தோலிலே ஒருவகைப் புற்றுநோய் உண்டாவதை எடுத்துக் காட்டினார். இத்தொழிலுக்குச் சிறு பையன்களையே பிடித்து ஒடுங்கிய புகைபோக்கிக்குள் ஏற்றிவிடுவர். உடலிலே படிந்த புகைக்கரி, அவர்கள் வளர்ந்து ஆளானபின் நோயாக வெளிப்பட்டது.

புகைக்கரியும் தாரும் உண்மையிலே குற்றவாளிகளா என்று சோதித்துக் காட்டுவதற்கு அதன்பின் 140 ஆண்டுகள் சென்றன. 1915ஆம் ஆண்டிலே யப்பான் நாட்டின் தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே யமகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயல்களின் காதுகளிலே நிலக்கரித் தாரை மாதக்கணக்காக மீண்டும் மீண்டும் பூசினர். பூசிய இடத்திலே புற்றுநோய் தோன்றியது. பின்னர் இலண்டன் விஞ்ஞானிகள் இரண்டு தொன் தார்க்கீலைப் பகுத்து, அதனுள் ஒளிந்திருந்த பென்சோபைரீன் என்னும் பொருளை 1933ஆம் ஆண்டிலே தனியே பிரித்தெடுத்தனர். சிகரெற்றுப் புகையிலும் இருப்பது இதே பொருள்தான்.

இவ்வாறு விலங்குச் சோதனை வேரூன்றியது. அமெரிக்காவிலே வழக்கத்துக்கு வந்த முறையைச் சொன்னால் அதன் அளவு விளங்கும். ஒரு பொருளைச் சோதிப்பதற்கு எலி, சுண்டெலி என இரண்டு இனங்கள் வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் ஆண் வேறு, பெண் வேறு. பொருள் கொடுக்கப்படாத குழு ஒன்று, மூன்று வெவ்வேறு அளவிற் கொடுக்கப்படும் குழுக்கள் மூன்று; ஒவ்வொரு குழுவிலும் 50 விலங்குகள். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரேயொரு பொருளுக்கு 800 விலங்குகள் ஆகின்றன. ஈராண்டு காலம், அதாவது ஏறக்குறைய அவற்றின் ஆயுள் முழுவதும், அப்பொருளைக் கொடுத்து வருவர். ஈற்றிலே எஞ்சிய யாவற்றையும் கொன்று உறுப்பு உறுப்பாக நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். ஆயத்தமும் ஆராய்ச்சியும் சேர்ந்தால் பல ஆண்டுகள் கழிந்துவிடும். சந்தைக்கு வரும் இரசாயனப் பொருள்களோ பல்லாயிரம். இந்த வேகத்திலே எல்லாவற்றையும் சோதித்து முடிப்பது எக்காலம்? விலங்கின்மேல் இரக்கமில்லாத ஒருவன்கூட இக்கேள்வியினின்றும் தப்பமுடியாது.

இன்னுமொரு தொல்லையும் உண்டு. விலங்குகள் தமக்குள்ளே ஒத்துச் சாட்சி சொல்வதில்லை. 1960ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலே 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்திலே கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பிடித்திருந்த பூஞ்சணமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அப்பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லடொக்சின் என்று பெயரிட்டனர். இப்பெயர் எமது நாட்டவர்க்குப் புதியதன்று. 2021ஆம் ஆண்டிலே இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டபோது நாடெங்கும் பேச்சாயிற்று. ஈரம் பட்ட கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் கொப்பறாவிலும் இஃது உண்டாகக்கூடும். ஈரற் புற்றுநோயை மனிதருக்கு உண்டாக்கும் பொருள்களுள் இது முன்னணியில் நிற்பது.

இந்த அஃப்லடொக்சினை எலிக்குக் கொடுத்தால் மிகச் சிறிய அளவிலேயே ஈரலிற் புற்றுநோய் வருகின்றது. வளர்ந்த சுண்டெலிக்குக் கொடுத்தால் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றது. சுண்டெலியை மாத்திரம் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? எதிர்மாறான கதையும் உண்டு. சக்கரின் என்னும் இனிப்புப் பொருள் ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையிலே கட்டிகளை உண்டாக்கியது என்பதால், 1977ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அதனைத் தடைசெய்ய முயன்றனர்; ஈற்றில் எச்சரிக்கை வாசகம் ஒட்டினர். அக்கட்டிகள் எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் வந்தவை, மனிதருக்குப் பொருந்தா என்று தெளிந்து, 2000ஆம் ஆண்டிலே சக்கரினைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கினர். இப்படியானால், 800 உயிர்களைக் கொடுத்து வாங்கும் விடையும் ஐயத்துக்கு இடமான விடையாகவே இருக்கக்கூடும்.

இனி, வேறு வழி ஒன்று திறந்த கதையைச் சொல்லுவோம். அமெரிக்காவிலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பணியாற்றியவர் பேராசிரியர் புறூஸ் ஏம்ஸ். 1928ஆம் ஆண்டிற் பிறந்து 2024ஆம் ஆண்டிலே காலமானவர். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களிற் பல, கலத்தினுள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்னும் பரம்பரை ஏட்டிலே எழுத்துப் பிழைகளை உண்டாக்குகின்றன. இப்பிழைகளுக்கு விகாரம் என்று பெயர். ஓர் எலியின் உடலிலே கட்டி வரும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்? எழுத்துப் பிழையையே நேரிற் பிடித்தால் என்ன? இதுவே ஏம்ஸ் கேட்ட கேள்வி.

அவர் எடுத்துக்கொண்டது சல்மொனெல்லா என்னும் பற்றீரியா. சாதாரண சல்மொனெல்லா தனக்கு வேண்டிய ஹிஸ்ரிடீன் என்னும் அமினோவமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஏம்ஸ் தெரிந்தெடுத்த இனத்திலேயோ அதனை ஆக்கும் முறையை எழுதிய இடத்தில் ஒரு பிழை உண்டு. சமையற் குறிப்பிலே ஓர் எழுத்துப் பிழைத்ததால் அடுப்பு மூட்டமுடியாமல் இருக்கும் வீட்டைப் போன்றது அது. ஹிஸ்ரிடீன் மிகச் சிறிதே உள்ள கிண்ணத்திலே இவ்வினத்தில் ஏறத்தாழ 10 கோடி பற்றீரியங்களை விட்டால், அவை பெருகமாட்டாமல் ஓய்ந்துவிடும். இப்பொழுது சோதிக்கவேண்டிய இரசாயனத்தை அதிலே சேர்க்கின்றனர். அது டி.என்.ஏ.யைத் தாக்கும் பொருளாயின் பற்றீரியங்களிலே புதிய பிழைகள் பல தோன்றும். அப்பிழைகளுட் சில, தற்செயலாகப் பழைய பிழையைத் திருத்திவிடும். திருந்திய பற்றீரியம் ஹிஸ்ரிடீனைத் தானே ஆக்கிப் பெருகத் தொடங்கும். இரண்டு நாட்களிலே வெறுங் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். பொருள் சேர்க்காத கிண்ணத்திலும் சில புள்ளிகள் தாமாகவே தோன்றும். சேர்த்த கிண்ணத்திலே புள்ளிகள் அதனினும் பன்மடங்கு மிகுந்தால், அப்பொருள் ஐயத்துக்குரியது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அஃப்லடொக்சினை நேரே பற்றீரியாவிற்குக் கொடுத்தால் தீங்கு புலப்படுவதில்லை. பென்சோபைரீனும் அப்படியே. இவை உடலினுட் புகுந்தபின், ஈரலிலுள்ள நொதியங்கள் இவற்றை வெளியேற்ற முயலும்போதே கொடிய உருவத்தை எடுக்கின்றன. நஞ்சைக் கழிக்க முயலும் ஈரலே நஞ்சைக் கூராக்கிவிடுகின்றது. ஆகையால் ஏம்ஸ் குழுவினர் அரைத்த ஈரலின் சாற்றைக் கிண்ணத்திலே சேர்த்தனர். அதன்பின் அஃப்லடொக்சினும் பென்சோபைரீனும் தம் உண்மை உருவைக் காட்டின. 1973ஆம் ஆண்டிலே இம்முறை வெளியாயிற்று. கேட்ட ஆய்வுகூடங்களுக்கெல்லாம் ஏம்ஸ் தம் பற்றீரியங்களை விலையின்றி அனுப்பினார். அறிவை விற்காமற் கொடுத்த அப்பண்பையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இச்சோதனையின் பயன் விரைவிலே தெரிந்தது. அக்காலத்தில் அமெரிக்கச் சட்டம், சிறு பிள்ளைகளின் இரவு உடைகள் இலகுவில் தீப்பற்றாதவையாக இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. நல்ல நோக்கந்தான். அதற்காகத் துணியிலே ரிஸ் என்னும் புரோமீன் சேர்ந்த இரசாயனத்தை ஊட்டினர். 1977ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஆர்லீன் புளூம் என்னும் அம்மையாரும் ஏம்ஸும், இப்பொருள் பற்றீரியாவிலே விகாரத்தை உண்டாக்குகின்றது என்று எழுதினர். அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலேயே அமெரிக்க அரசு அத்துணிகளைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு வெளியான எலிச் சோதனைகள் அது புற்றுநோயை உண்டாக்குவதை உறுதிசெய்தன; அவ்வுடையை அணிந்த பிள்ளைகளின் சிறுநீரிலே அதன் சிதைபொருள் இருந்ததும் வெளியாயிற்று. எத்தனையோ தாய்மார் தம் குழந்தைகளைக் காக்கின்றோம் என்று எண்ணி உடுத்திய துணி அது. அதன் தீமையை முதலிற் சுட்டிக் காட்டியது ஒரு கிண்ணத்திலே தோன்றிய புள்ளிகள். அந்தப் புளூம் அம்மையார் 1978ஆம் ஆண்டிலே இமயத்தின் அன்னபூர்ணாச் சிகரத்துக்குச் சென்ற பெண்கள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை எமது சகோதரிகளுக்காகச் சொல்லி வைக்கின்றோம்.

ஆயினும் பற்றீரியம் மனிதன் அல்லன். அதனுள்ளே கரு இல்லை. எமக்குள்ளவை போன்ற நிறமூர்த்தங்களும் இல்லை. அஸ்பெஸ்ரோசு போன்ற கொடிய பொருள் பற்றீரியாச் சோதனையில் அகப்படாமற் போய்விடுகின்றது. ஆதலின் விஞ்ஞானிகள் மனிதக் கலங்களையே வளர்த்துச் சோதிக்கத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று நுண்கருச் சோதனை. ஒருவரின் கையிலிருந்து எடுத்த சிறிது குருதியிலுள்ள வெண்கலங்களே இதற்குப் போதும். கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்கள் ஒழுங்காகப் பங்கிடப்படல் வேண்டும். நச்சுப் பொருளால் ஒரு நிறமூர்த்தம் உடைந்திருந்தால், அத்துண்டு பின்தங்கிப் பெரிய கருவுக்குப் பக்கத்திலே ஒரு சிறு கருவாக நின்றுவிடும். நுணுக்குக்காட்டியிலே அதனை எண்ணலாம். அனைத்துலக நாடுகள் பல ஏற்கும் சோதனை நெறிகளுள் இது 2010ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட்டது.

நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்திலே வேறொரு வகையை ஆக்கினர். ஒருவகை ஜெலிமீனிலிருந்து கிடைத்த, பச்சை ஒளி வீசும் புரதத்தின் பரம்பரை அலகைக் கலத்தினுள்ளே புகுத்தியிருக்கின்றனர். டி.என்.ஏ. தாக்கப்பட்டால் ஒரு கலம் ஒளிரும். வேறுவகைத் தாக்கம் நிகழ்ந்தால் வேறொரு கலம் ஒளிரும். தீங்கு உண்டா என்பதோடு எவ்வழியால் உண்டு என்பதையும் கலமே சொல்லிவிடுகின்றது. அமெரிக்காவிலே 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய கூட்டு முயற்சி ஒன்றிலே, இயந்திரக் கைகள் ஏறக்குறைய 10,000 பொருள்களை இத்தகைய கலச் சோதனைகளுக்கு உட்படுத்தின. 800 எலிகளோடு ஒரு பொருளைச் சோதிக்கும் முறையால் இதனைக் கனவிலும் செய்ய இயலாது.

டி.என்.ஏ.யை நேரே தாக்காமற் புற்றுநோயை வளர்க்கும் பொருள்களும் உள. அவற்றைப் பிடிப்பதற்கு வேறோர் உபாயம் உண்டு. நல்ல கலங்கள் கிண்ணத்தின் அடியிலே ஒரே படையாகப் பரவி, பக்கத்துக் கலத்தைத் தொட்டவுடன் வளர்ச்சியை நிறுத்திவிடும். புற்றுநோய்ப் பாதையில் இறங்கிய கலமோ அயலாரை மதியாது ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அக்குவியல்களை எண்ணுவதே இச்சோதனை. 1960களில் வெள்ளெலியின் கருக் கலங்களைக்கொண்டு தொடங்கிய இம்முறையை, என்றும் வளர்ப்பிலிருக்கும் ஒரு கலவழியைக்கொண்டு யப்பானியர் செம்மைப்படுத்தினர்.

பெரியோர்களே! இவ்வளவையும் கேட்டபின், கொல்லாமை வென்றுவிட்டது என்று நாம் கைதட்டிக் கலைந்துபோகலாமா? அவ்வாறு சொல்லுவது உண்மைக்கு மாறாகும். மேடையிலே இனிமையாகப் பேசுவதற்காக உண்மையை மறைத்தல் தகாது.

முதலாவது, ஏம்ஸ் சோதனைக்கு வேண்டிய ஈரற் சாறு வழக்கமாக எலியிடமிருந்தே வருகின்றது. இரண்டாவது, கலங்களை வளர்க்கும் ஊடகத்திலே பெரும்பாலும் சேர்க்கப்படுவது யாது தெரியுமா? இறைச்சிக்காக வெட்டப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் குருதித் தெளிவு. எம்மவர் காதுக்கு இது கொடுமையான செய்தி. விலங்கில்லாச் சோதனை என்று பெயர் எழுதிய கிண்ணத்தினுள்ளே கன்றின் குருதி இருக்கின்றது. இதனை அறிந்த விஞ்ஞானிகள், குருதித் தெளிவு இல்லாத ஊடகங்களையும், எலியின் ஈரலுக்குப் பதிலாக மனித ஈரற் கலங்களையும் பயன்படுத்த உழைத்து வருகின்றனர். வேலை இன்னும் முடியவில்லை.

மூன்றாவது, மனிதக் கலமும் ஒரு மனிதரிடமிருந்தே வருகின்றது. உலக ஆய்வுகூடங்களிலெல்லாம் வளரும் ஹீலா என்னும் கலங்கள், 1951ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலே புற்றுநோயால் இறந்த ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கலங்கள். அவரைக் கேளாமலே அவை எடுக்கப்பட்டன. எலிக்கு இரங்கும் நாம் ஏழைப் பெண்ணை மறந்தால் அது சீவகாருணியம் ஆகாது.

நான்காவது, கலத்துக்குத் தெரியாதவை பல. ஈரலிற் பிறந்த நஞ்சு குருதி வழியே சிறுநீர்ப்பைக்குச் செல்லுவதையும், சிறு சிறு அளவாக 20 ஆண்டு உட்கொண்டதன் விளைவையும், உடலின் எதிர்ப்புச் சக்தி நோய்க்கலத்தை அழிப்பதையும் ஒரு கிண்ணம் முழுமையாகக் காட்டமாட்டாது. தீங்கில்லாப் பொருள்கள் சிலவும், கலங்களுக்கு அளவுமீறிக் கொடுக்கும்போது தீயவை போலத் தோன்றியதுண்டு. நஞ்சைத் தவறவிடும் சோதனை, எவ்வளவு சாந்தமானதாயினும், நாளை ஒரு குழந்தையின் உயிரை வாங்கிவிடும். ஆகையாற்றான் கலச் சோதனைகள் ஒவ்வொன்றும் நம்பத்தக்கதென்று நிறுவப்படுதற்கு ஆண்டுகள் செல்லுகின்றன. அத்தாமதத்தைக் கண்டு பொறுமை இழத்தலாகாது.

எனினும் திசை தெளிவாகிவிட்டது. 1959ஆம் ஆண்டிலே றசல், பேர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர், விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுக, எண்ணிக்கையைக் குறைக்குக, வேதனையைத் தணிக்குக என மூன்று நெறிகளை வகுத்தனர். அந்நெறிகள் இன்று பல நாடுகளிலே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. விலங்கிற் சோதித்த அழகுசாதனப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டிலே முற்றாகத் தடுத்தது. இந்தியா 2014ஆம் ஆண்டிலே அவ்வழியிற் சென்றது. மருந்துகளைப் பொறுத்தவரையிலும், 2022ஆம் ஆண்டிலே அனைத்துலக நெறிமுறை திருத்தப்பட்டு, வேறு சான்றுகள் போதியனவாக இருப்பின் எலியிற் செய்யும் ஈராண்டுச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று ஏற்கப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? எம்மிடையே இரண்டு விதமாகப் பேசுவோர் உளர். மனிதன் பெரியவன், எலி சாவதால் என்ன என்பார் ஒருசாரார். உயிர்க்கொலையால் வந்த மருந்தே வேண்டாம் என்பார் மறுசாரார். முன்னவர்க்கு நாம் சொல்லுவது: எலி சாவதனால் மனிதனுக்கும் எப்பொழுதும் சரியான விடை கிடைப்பதில்லை. பின்னவர்க்குச் சொல்லுவது: பிணியாளியின் கையிலிருக்கும் மருந்தைப் பறிப்பதும் கொலையோடு ஒக்கும். கோயில் முன்றிலிலே ஆட்டையும் கோழியையும் வெட்டும் வேள்வியை ஆறுமுக நாவலர் கண்டித்தார். அதனை நிறுத்த மனத்துணிவு போதும். ஆய்வுகூடத்து உயிர்ப்பலியை நிறுத்துவதற்கோ மனத்துணிவோடு மாற்று வழியும் வேண்டும். அம்மாற்று வழியைக் கண்டுபிடிப்பவர் உயிரியலும் இரசாயனவியலும் கணிதமும் கற்றவராகவே இருப்பர். எமது சங்கத்து இளைஞர்களே, அந்த வரிசையிலே எம்மவர் சிலரேனும் நிற்கவேண்டாமா? பிராணிகளிடத்து அன்பு என்று பிரசங்கம் செய்யும் சமூகத்திலிருந்து, கன்றின் குருதி வேண்டாத ஓர் ஊடகத்தை ஆக்கும் மாணவன் ஒருவன் தோன்றுவானாயின், அது 100 பிரசங்கங்களுக்கு ஒப்பாகும்.

பெரியோர்களிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. சிறியோம் சொல்லுவதைப் பொறுத்தருளல் வேண்டும். பாக்கு, வெற்றிலைக் கூட்டு, புகையிலை ஆகியவை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தீர்ப்பளித்துவிட்டது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் பற்றி 1985ஆம் ஆண்டிலேயே சொல்லியது; புகையிலை சேராத கூட்டும் பாக்கும் அவ்வாறே என்பதை 2004ஆம் ஆண்டிலே வெளியிட்டது. எமது நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயே முதன்மையானது. இவ்வறிவைப் பெறுவதற்கு மனிதர் பலர் நோயால் மாண்டனர், விலங்குகளும் மாண்டன. மங்கல காரியத்துக்கு வெற்றிலையைத் தட்டிலே வைத்தல் எமது மரபு, அம்மரபு நிலைக்கட்டும். தட்டிலிருப்பது வாய்க்குப் போகாதிருக்கட்டும். அறிந்த உண்மையை நாம் பொருட்படுத்தாவிட்டால் அத்தனை உயிர்களும் வீணே மாண்டனவாகும். இதற்கு இனி ஒரு எலியும் சாகவேண்டியதில்லை; ஒரு கிண்ணமும் வேண்டியதில்லை.

கொல்லாமை எமக்கு முன்னோர் தந்த செல்வம். அதனைச் சொல்லிக்கொண்டிருப்பது இலகு. ஈரலும் கலமும் நொதியமும் எவ்வாறு இயங்குகின்றன என்று இரவு பகலாகக் கற்று, கொல்லாமலே காக்கும் வழியைச் சிறிது சிறிதாக அகலப்படுத்துவதே இத்தலைமுறைக்கு உரிய பணி.